சிரட்டை இருக்க வேண்டிய இடம்

சங்கரலிங்கத்தின் கட்டிலில் அவன் மாமியார் ஆவுடையம்மாள் படுக்க ஆரம்பித்து அன்றோடு ஏழு மாதம் முடிந்தது. கொச்சி சுள்ளிக்கல்லில் அவன் இருந்தது இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. ஓர் அறையில் சமையல். இன்னோர் அறையில் கட்டில், ரேடியோ, அலமாரி, மனைவி சந்தனமாரி, அவள் அம்மா. நடுவே வாசற்படிக்குக் குறுக்கே கோரைப்பாயில் சங்கரலிங்கம். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாரும் அவனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது சிலசமயம் மிதிக்கவும் செய்வார்கள்.

மாமியார் கெட்டவள் என்றால் விஷயம் சுலபமாக முடிந்திருக்கும். சண்டை போட்டு அனுப்பிவிடலாம். அவளோ உட்கார்ந்த இடத்திலிருந்தே காய் நறுக்கிக் கொடுப்பாள், கீரை ஆய்வாள், தெருவில் போகிற மீன்காரியைக்கூட விசாரித்து அனுப்புவாள். ஒரே ஒரு தொந்தரவு, அவர்கள் சொந்த ஊர்ப்பக்கத்தில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் இல்லை. சொல்ல வேண்டியதை மகளிடம் சொல்லி, மகள் மூலம்தான் சொல்ல வேண்டும். நாலு கட்டு வீட்டில் இது மரியாதை. இரண்டு அறையில் இது கொடுமை. சந்தனமாரி கடைக்குப் போயிருந்தால் ஆவுடையம்மாள் ரேடியோவைப் பார்த்துப் பேசுவாள்.

"ஏ ரேடியோ, சாயாவுல சீனி இல்லன்னு ஒருத்தரு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு இருக்காரு. டப்பா அடுப்புக்கு மேல இருக்கு. எடுத்துப் போட்டுக்கிட்டா ஆவாதா?"

சங்கரலிங்கம் எழுந்துபோய் எடுத்துப் போட்டுக்கொள்வான். ரேடியோவுக்கு அவன் பதில் சொல்வதில்லை. அவ்வளவு தூரம் அவன் இறங்கிவரவில்லை.

ஆவுடையம்மாளுக்குப் பள்ளுருத்தியில் சொந்தமாக ஒரு சைவ மெஸ் இருந்தது. சுமை தூக்குகிற ஆட்களும் கொத்தனார்களும் அங்கேதான் சாப்பிட்டார்கள். மெஸ்ஸுக்கு மேலே அவள் அறை. அறைக்குப் போக ஏணி மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும் மரப்படி, பதினான்கு. இரண்டு முட்டியும் தேய்ந்து அந்தப் படி ஏற முடியாமல் போனபோது, "எங்க ஆஸ்பத்திரில முட்டிய மாத்துறாங்க, மாத்திக்கிடச் சொல்லு" என்று மனைவி மூலம் சொல்லி, சம்மதிக்க வைத்தது சங்கரலிங்கம்தான். மட்டாஞ்சேரியில் உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவன் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளன்.

இடது முட்டியை மாற்றினார்கள். காயம் ஆறியது. ஆவுடையம்மாள் நேராக நடந்தால் நன்றாக நடந்தாள். நின்றால் கல் மாதிரி நின்றாள். ஆனால் நாற்காலியிலிருந்து எழும்போதும், படியில் இறங்கும்போதும், முட்டி மடங்குகிற அந்த நேரத்தில், உள்ளே ஏதோ நழுவுகிற மாதிரி கால் ஆடியது. மரப்படியில் ஒருநாள் இறங்கிப் பார்த்தாள். மூன்றாவது படியில் கால் ஆடி, மீதிப் படிகளை உட்கார்ந்தபடியே இறங்கினாள். கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்த முப்பது பேர் அதைப் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் சுள்ளிக்கல்லுக்கு வந்தவள்தான்.

இப்போது ஓணம் கழிந்து வலது முட்டிக்குத் தேதி குறித்திருந்தார்கள். இது சரியாக வந்தால், நல்ல கால் ஒன்றின் பலத்தில் மெதுவாகவாவது படி ஏறி இறங்கி அவள் தன் மெஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம். இதுவும் இடது மாதிரியே வந்தால் பள்ளுருத்தி அத்தோடு முடிந்தது. மெஸ்ஸை இப்போது பார்த்துக்கொள்ளும் ஒச்சம்மாள் வாராவாரம் வந்து, "எல்லாம் நல்லாப் போவுதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் போனபிறகு ஆவுடையம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். சங்கரலிங்கத்துக்குக் கட்டில் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த முதுகைப் பார்க்கும்போது அவனுக்குக் கட்டில் மறந்துபோகும்.

மறந்துபோவதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை அவன் சந்தனமாரியிடம்கூடச் சொல்லவில்லை. இடது முட்டி ஆடப்போகிறது என்பது ஆபரேஷன் முடிவதற்கு முன்பே அவனுக்குத் தெரியும்.

முட்டியை மாற்றுவது என்றால் முழு முட்டியையும் கழற்றி வேறொன்று மாட்டுவதில்லை. தொடை எலும்பின் கீழ்முனையையும் கால் எலும்பின் மேல்முனையையும் சீவி, மேலே உலோகத் தொப்பியும் கீழே பிளாஸ்டிக் தட்டும் வைப்பார்கள். சீவின இடத்தில் ஓர் இடைவெளி விழும். காலை நீட்டினால் எவ்வளவு இடைவெளியோ, மடக்கினாலும் அவ்வளவே இருக்க வேண்டும். நீட்டும்போது சரியாகவும் மடக்கும்போது அதிகமாகவும் இருந்தால், நின்றால் கல், மடங்கினால் ஆட்டம். இதை அளக்க டாக்டர் லக்ஷ்மிநாராயணன் உலோகக் கட்டைகள் வைத்திருந்தார். காலை நீட்டி ஒரு கட்டையைச் செருகிப் பார்ப்பார். மடக்கி அதே கட்டையைச் செருகிப் பார்ப்பார். இரண்டிலும் இறுக்கமாக இருந்தால், "சமம்" என்பார்.

இந்த வேலைக்கெல்லாம் குறுக்கே நிற்பது முட்டிக்கு முன்னால் இருக்கும் சில்லு. கொச்சிக்காரர்கள் அதைச் சிரட்டை, அதாவது கொட்டாங்குச்சி, என்பார்கள், பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். முட்டியைத் திறந்ததும் சிரட்டையை வெளிப்பக்கமாகப் புரட்டிப் போட்டு, ஒரு கொக்கியால் இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்துக்கொள்கிறவன் சங்கரலிங்கம். அவனுக்கு அங்கே இருந்த ஒரே பதவி அதுதான்.

மாமியாரின் இடது முட்டியில் சிரட்டையைப் புரட்டிப் பிடித்தபோதே, சிரட்டையோடு ஒட்டியிருந்த நார் முறுக்கிக்கொண்டு கால் எலும்பை ஒருபக்கமாக இழுப்பதை அவன் கை உணர்ந்தது. கால் மடங்கியிருக்கும்போது இழுப்பு இன்னும் அதிகம். டாக்டர் கட்டையைச் செருகினார், இறுக்கமாக நின்றது. "சமம்" என்றார். எல்லாவற்றையும் பொருத்தி முடித்து, சிரட்டையை அதன் இடத்தில் வைத்து, தைப்பதற்காகக் காலை மடக்கினபோது, இழுப்பு விட்டுப்போய் உள்ளே 'டொக்' என்று ஓர் ஆட்டம். சங்கரலிங்கத்தின் உள்ளங்கையில் அது தெரிந்தது. டாக்டர் கல்யாணி ராகத்தை முனகிக்கொண்டே நூல் கேட்டார்.

அந்த ஆட்டத்தை அவன் அதற்கு முன்பும் ஒருமுறை பார்த்திருக்கிறான். முட்டியில் இல்லை, தராசில். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் அவன் பஜார் ரோட்டில் சங்கிலிப்பாண்டியின் தராசுக் கடையில் வேலை பார்த்தான். மிளகு மூட்டை நிறுக்கிற பெரிய தராசு ஒன்று பழுதுக்கு வந்தது. ஒரு தட்டின் சங்கிலி கைக்குக் குறுக்கே வந்துகொண்டே இருந்ததால், அதைத் தூக்கித் தண்டின் மேல் போட்டுவிட்டு, இரண்டு பக்கமும் தேய்த்துத் தேய்த்து முள்ளை நடுவில் நிறுத்தினான். அழகாக நின்றது. சங்கிலியை இறக்கிவிட்டு வண்டியில் ஏற்றி அனுப்பினான். அடுத்த நாள் மிளகு வியாபாரி தராசோடு வந்து கடைவாசலில் அதைப் போட்ட சத்தம் படகு ஜெட்டி வரைக்கும் கேட்டது. "தொங்குற சாமானத் தூக்கி மேல போட்டுக்கிட்டு எவம்ல தராசு பாப்பான்?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் சங்கிலிப்பாண்டி அவனை வெளியே தள்ளினார். அப்படித்தான் அவன் மருத்துவத் துறைக்கு வந்தான்.

ஆகவே சங்கரலிங்கத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. வாய்தான் வரவில்லை. லக்ஷ்மிநாராயணன் தியேட்டரில் அவர் முனகலைத் தவிர வேறு சத்தம் கேட்கக் கூடாது. ஒருமுறை தும்மியதற்காக ஒரு நர்ஸ் ஒரு வாரம் பிரசவ வார்டுக்குப் போனாள்.

வலது முட்டிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது அவன் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு டாக்டர் அறை வாசலில் போய் நின்றான். லக்ஷ்மிநாராயணன் பாலக்காட்டுக்காரர், இங்கிலாந்தில் படித்தவர், மேஜைமேல் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூட்டின் கால் வைத்திருப்பவர்.

"என்னடா, லீவா?"

"இல்ல சார்."

"அட்வான்ஸா?"

"அதுவும் இல்ல சார். முட்டியில எடவெளி அளக்கறதப் பத்தி..."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுக்கென்ன? இனிமே நீ அளக்கறேங்கறியா?"

"ஐயோ இல்ல சார்."

"மூணாம் நம்பர் தள்ளுவண்டி கிறீச்சு கிறீச்சுங்கறது. போய் எண்ணெய் போடு."

சங்கரலிங்கம் போய் எண்ணெய் போட்டான். கோபத்தில் மூன்று வண்டிக்கும் போட்டான். எண்ணெய் போடும்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது, தன் கைக்குத் தெரிந்ததைத் தவிர தன்னிடம் வேறு அத்தாட்சி எதுவும் இல்லை. டாக்டர் 'காட்டு' என்று சொன்னால் எதைக் காட்டுவது?

மறுநாள் காலை அவன் முகைதீன் பிச்சையின் ஆட்டுக்கறிக் கடைக்குப் போனான். ஏழு தலைமுறைச் சைவம். கடைக்குள் நுழையும்போது கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டான். தினமும் மனுஷன் காலை அறுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கு ஆட்டுக்காலைப் பார்த்ததும் தலை சுற்றியது.

"எந்தா அண்ணே, சைவக்காரரு நம்ம கடைக்கு? லோகம் முடியப் போவுதா?" என்றான் முகைதீன் பிச்சை.

"திங்கதுக்கு இல்ல பிச்ச. ஒரு பரிசோதன. முட்டி முறியாத பின்னங்கால் ஒண்ணு குடு. கத்தியும் நீயே புடி."

விஷயத்தைச் சொன்னதும் முகைதீன் பிச்சைக்கு உற்சாகம் வந்துவிட்டது. சங்கரலிங்கம் காட்டின இடத்தில் முட்டியைத் திறந்து, சின்னஞ்சிறு சிரட்டையைப் புரட்டி, எலும்பு முனைகளைச் சீவினான். டாக்டரை விட வேகமாகச் சீவினான். அளக்கக் கட்டை இல்லாததால் சங்கரலிங்கம் தீப்பெட்டியை எடுத்தான். காலை நீட்டி, இடைவெளியில் தீக்குச்சிகளைச் செருகினான். நாலு குச்சி இறுக்கமாக நின்றது. மடக்கினான், சிரட்டை புரண்டபடியே இருந்தது. நாலு குச்சி. ஐந்தாவது நுழையவில்லை.

"சமம்" என்றான் சங்கரலிங்கம், டாக்டர் குரலில்.

பிறகு சிரட்டையை அதன் இடத்துக்குத் தள்ளி, மடக்கின காலில் மறுபடி பார்த்தான். நாலு குச்சியும் தானாக நழுவிக் கீழே விழுந்தது. ஐந்தாவதையும் சேர்த்து வைத்தபிறகுதான் பிடித்தது. காலை நீட்டினால், சிரட்டை உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும், அதே நாலு.

"அல்லா! இது களவல்லே?" என்றான் முகைதீன் பிச்சை.

"இன்னொரு காலக் குடு."

மூன்று கால் பார்த்தார்கள். மூன்றும் ஒரே சாட்சி சொன்னது. கறி வாங்க வந்து அரைமணி நேரமாக நின்றுகொண்டிருந்த சுல்ஃபத் என்கிற அம்மாள் பொறுமை இழந்துவிட்டாள்.

"ஆபரேஷன் கழிஞ்ஞா எனக்கு அரைக் கிலோ தருவீங்களா? வீட்டுல விருந்தாளி வந்திருக்காங்க. அந்த ஆடு இனிமே நடக்கவா போவுது?"

சங்கரலிங்கம் வீட்டுக்குப் போவதற்குள் செய்தி போய்விட்டது. வாசலில் சந்தனமாரி இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஆட்டுக்கறிக் கடையில ஒங்களுக்கு என்ன சோலி? மூணு காலு வாங்குனியளாமே? எங்க வச்சிருக்கிய? பைய காட்டுங்க."

பையில் தீப்பெட்டி மட்டும்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் அவன் எல்லாவற்றையும் சொன்னான். சிரட்டை, நார், இழுப்பு, நாலு குச்சி, ஐந்து குச்சி. இடது காலில் தன் கைக்குத் தெரிந்த அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டான். கட்டிலில் ஆவுடையம்மாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தான்.

"ஏ ரேடியோ" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இம்புட்டையும் பொண்டாட்டிகிட்டச் சொல்லத் தெரியுது. அந்த டாக்டர்கிட்டச் சொல்ல முடியலியாமா?"

சந்தனமாரி பக்கத்திலேயே நின்றும் அவள் ரேடியோவைக் கூப்பிட்டாள் என்றால் விஷயம் கடுமை என்று அர்த்தம்.

"அங்க வாயத் தொறந்தா வேல போயிரும் அத்த" என்றான் சங்கரலிங்கம். முதல்முறையாக ரேடியோவுக்குப் பதில் சொல்லிவிட்டான்.

வேலை போனால் மகள் கதி என்ன என்று ஆவுடையம்மாளுக்கும் தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நாள் வந்தது. முதல்முறை அவளை முழுவதும் மயக்கித்தான் செய்தார்கள். இந்த முறை நெஞ்சில் சளி இருந்ததால் முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். மார்புக்கு நேரே ஒரு பச்சைத் துணியைத் திரையாகக் கட்டினார்கள். திரைக்கு அந்தப்பக்கம் ஆவுடையம்மாளின் தலையும், மயக்க மருந்து டாக்டரும். இந்தப்பக்கம் லக்ஷ்மிநாராயணனும், சிஸ்டர் த்ரேசியாவும், கொக்கியோடு சங்கரலிங்கமும். மேலே பெரிய வட்ட விளக்கு.

கல்யாணி ஆரம்பித்தது. முட்டி திறந்தது. "புரட்டு" என்றார் டாக்டர். சங்கரலிங்கம் சிரட்டையைப் புரட்டிக் கொக்கியை மாட்டினான். எலும்புகளைச் சீவி முடித்து, டாக்டர் காலை நீட்டிக் கட்டையைச் செருகினார். இறுக்கம். காலை மடக்கிச் செருகினார். சங்கரலிங்கத்தின் கையில் நார் விண்ணென்று இழுத்தது. கட்டை இறுக்கமாக நின்றது.

"சமம்" என்றார் டாக்டர். "சிஸ்டர், சிமெண்ட் கலக்கிக்கோங்கோ."

உலோகத்தை எலும்போடு ஒட்டுகிற அந்தச் சிமெண்ட்டைக் கலக்கிவிட்டால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். அதன்பிறகு யார் வாயைத் திறந்தும் பிரயோஜனம் இல்லை. சங்கரலிங்கம் முகமூடிக்குள் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தான். தொண்டையில் 'க்ளுக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. சிஸ்டர் த்ரேசியா சிமெண்ட் பொட்டலத்தைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தாள்.

"ஏ வெளக்கே" என்றது திரைக்கு அந்தப்பக்கம் ஒரு குரல்.

கல்யாணி தடுக்கி விழுந்தது. "யாரு பேசறது?"

"பேஷண்ட், சார்" என்றார் மயக்க மருந்து டாக்டர்.

"பேஷண்ட் எதுக்குப் பேசறா?"

"மரத்தது இடுப்புக்குக் கீழதான் சார். வாய் மேல இருக்கு."

ஆவுடையம்மாள் அவர்களைப் பொருட்படுத்தவில்லை. மகளும் இல்லை, ரேடியோவும் இல்லை. கண்ணுக்கு நேரே இருந்தது விளக்கு ஒன்றுதான். அதைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னாள்.

"ஏ வெளக்கே, எம் முட்டி தொறந்து கெடக்கு, எம் மருமவன் வாய் மூடிக் கெடக்கு. வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்காரு? இந்தக் காலும் போச்சுன்னா நான் எங்க போயி நிப்பேன்னு கேட்டுச் சொல்லு."

கடைசி வார்த்தையில் அவள் குரல் உடைந்தது. ஏழு மாதத்தில் அவள் குரல் உடைந்து அவன் கேட்டதில்லை. வேலை, தள்ளுவண்டி, பிரசவ வார்டு, எல்லாம் அவன் தலையை விட்டுப் போயின.

"சார், சிரட்டைய எடத்துல வச்சிட்டு ஒருக்கா மடக்கி அளங்க சார்."

சிஸ்டரின் கத்தரி பாதியில் நின்றது. டாக்டர் மெதுவாகத் திரும்பினார். முகமூடிக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவை நல்ல கண்களாக இல்லை.

"ஏன்?"

"பொரட்டிப் போட்டா நாரு இழுக்கு சார். மடக்குனா ரொம்ப இழுக்கு. அதனால எடம் கொறச்சலாக் காட்டும். சிரட்ட உள்ள போனதும் இழுப்பு விட்டுரும், எடம் கூடிரும். பெறவு ஆடும்."

"யாருடா சொன்னா ஒனக்கு இதெல்லாம்?"

சங்கரலிங்கம் பொய் சொல்லிப் பழகாதவன். "ஆடு சார்" என்றான்.

"ஆடா?"

"மூணு ஆடு சார்."

திரைக்கு அந்தப்பக்கம் ஆவுடையம்மாள், "பார்க்கத்தான் பாருங்களேன் டாக்டரய்யா" என்றாள். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. எந்திரிச்சு ஓடவா போறேன்?"

லக்ஷ்மிநாராயணன் கோபக்காரர், தற்பெருமைக்காரர், ஆனால் அளந்து பார்க்கலாம் என்று ஒருவன் சொன்னபிறகு அளக்காமல் இருக்க முடியாதவர். அந்த ஒரு குணத்துக்காக அவருடைய மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம். "கொக்கிய எடு" என்றார். சங்கரலிங்கம் எடுத்தான். டாக்டர் சிரட்டையைத் தன் கையாலேயே அதன் இடத்தில் வைத்து, காலை மடக்கி, பக்கவாட்டிலிருந்து அதே கட்டையைச் செருகினார்.

கட்டை ஆடியது. விரலால் தொட்டார், மறுபடி ஆடியது.

சிரட்டையைப் புரட்டினார், கட்டை இறுகியது. உள்ளே வைத்தார், தளர்ந்தது. இப்படி நாலுதடவை செய்தார். பிறகு அடுத்த அளவுக் கட்டையைக் கேட்டு வாங்கிச் செருகினார். சிரட்டை உள்ளே இருக்க, மடக்கின காலில் அது சிக்கென்று நின்றது. நீட்டின காலில் நுழையவில்லை.

"ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "பொட்டலத்தப் பிரிக்காதீங்கோ சிஸ்டர்."

தொடை எலும்பின் முனையில் இன்னும் ஒரு சீவல் எடுத்தார். அதன்பின் நீட்டினாலும் மடக்கினாலும் அந்தப் பெரிய கட்டையே சிக்கென்று நின்றது. அதற்கேற்ற தடிமனான தட்டைப் போட்டு வேலையை முடித்தார். மீதி ஆபரேஷன் முழுக்கக் கல்யாணி வரவில்லை. தைத்து முடித்துக் கை கழுவுகிற இடத்தில் சங்கரலிங்கம் பக்கத்தில் வந்து நின்றபோது, அவர் அவனைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்த ஆடு எந்தக் கடை?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முகைதீன் பிச்சையின் கடையில் பாலக்காட்டு ஐயர் ஒருவர் உலோகக் கட்டைகளோடு இரண்டு மணி நேரம் நின்றதை மட்டாஞ்சேரியே பார்த்தது. போகிற வருகிறவர்களிடமெல்லாம், "இது சாப்பிடறதுக்கு இல்லை, இது வேற" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்படிச் சொல்லச் சொல்லத்தான் ஜனங்களுக்குச் சந்தேகம் வந்ததாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், சிரட்டையை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்பது தனக்கு முன்பே தோன்றியதுதான் என்று அவர் சொன்னார். சங்கரலிங்கம் ஆமாம் சார் என்றான்.

ஒன்றரை மாதம் கழித்து ஆவுடையம்மாளை ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் அறையில் ஒரு முக்காலியைப் போட்டு ஏறி இறங்கச் சொன்னார். வலது காலை ஊன்றி இறங்கினாள். ஆட்டமே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது காலில் பாரத்தைப் போட்டு எழுந்தாள். சுவர் மாதிரி எழுந்தாள். சந்தனமாரி அழுதுவிட்டாள். சங்கரலிங்கம் மனதுக்குள் கோரைப்பாயைச் சுருட்டிக் கட்டினான்.

"இப்போ இடது கால்" என்றார் டாக்டர்.

இடது காலை ஊன்றி இறங்கும்போது முட்டி நழுவி, அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் முட்டியை மடக்கிப் பிடித்து அசைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இத மறுபடி திறந்து சரிபண்ணிடலாம்மா. தடிமன் தட்டு லண்டன்லேருந்து வரணும். ஆறு மாசம் ஆகும். ஒரு கால நம்பி அந்தப் படி ஏறவேண்டாம். அதுவரைக்கும் பொண்ணு வீட்டுலயே இருங்கோ."

ஆறு மாதம்! சங்கரலிங்கத்தின் முதுகுக்கு அது முதலில் புரிந்தது. அடுத்த நிமிஷம் வேறொன்று புரிந்தது. ஆவுடையம்மாளின் முகத்தை அவன் பார்த்தான். அந்தப் பதினான்கு படியையும் இப்போதே ஏறிவிட்டு, மறுபடி கீழே இறக்கிவிடப்பட்டவள் மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த ஆறு மாதமும் இல்லை, போன ஒன்பது மாதமும் இல்லை. இனிமேலும் விழுங்கினால் தான் மனுஷனே இல்லை என்று அவனுக்குத் தோன்றியது.

"அத்த, மொத ஆபரேஷன்லயே எனக்குத் தெரியும்" என்றான். "சிமெண்ட்டுக்கு முன்னயே நாரு இழுத்தது எங் கைக்குத் தெரிஞ்சுது, சிரட்டைய உள்ள வச்சதும் கால் ஆடுனதும் தெரிஞ்சுது. தைக்கறதுக்கு முன்னயே தெரியும். பயந்துக்கிட்டுச் சொல்லாம விட்டுட்டேன். ஒங்க காலக் கெடுத்தது நாந்தான்."

சொல்லி முடிப்பதற்குள் அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. நாற்பது வயது ஆண்பிள்ளை, தியேட்டர் உடுப்போடு, மனைவி எதிரில் தேம்பினான். சந்தனமாரி வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் காலை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

ஆவுடையம்மாள் கொஞ்சநேரம் தன் இடது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரை நிமிர்ந்து பார்த்தாள்.

"டாக்டரய்யா, அன்னைக்கு இவரு வாயத் தொறந்து சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பியளா?"

அறையில் இருந்த மூன்று பேரும் டாக்டரையே பார்த்தார்கள்.

"கேட்டிருக்க மாட்டேம்மா" என்றார். "வெளில போடான்னு சொல்லியிருப்பேன்."

"அப்பொறம் இவரு மட்டும் எதுக்கு அழுவுதாரு? நீங்களும் கொஞ்சம் அழுங்க. அழுதுட்டு ரெண்டு பேருமாச் சேந்து எங் காலச் சரிபண்ணுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேவைக்கு மேல் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.